ஓரம் சுருளும் துணி

ஸ்டீம் அயர்னை வெள்ளை அங்கியின் நெஞ்சுப் பக்கம் ஒருமுறை இழுத்துவிட்டு, பெருமாள்சாமி கழுத்துப் பட்டியைத் திருப்பினார். உள்ளே லேபிள் இருந்தது.

நீல எழுத்தில் ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர். அதன் கீழே பொடியாக ‘எல்’ என்று அளவு. இந்த வாரம் கப்பலுக்குப் போகவேண்டிய சரக்கின் லேபிள்.

"ஏ அருணு, இங்க வாடா."

டெய்லர் அருண்பாண்டி மிஷினை விட்டு எழுந்து வந்தான். அழுது அழுது அவனுக்கு மூக்கு சிவந்திருந்தது. லேபிளைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஐயோ அண்ணே, கைப்பழக்கம்ணே. கழுத்த முடிச்சதும் கை தன்னால லேபிள் டப்பாவுக்குப் போயிருக்கு. குடுங்கண்ணே, பிரிச்சு விட்டுடுதேன்."

பெருமாள்சாமி அந்த லேபிளையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. பொண்டாட்டி வீட்டில் பிணமாகக் கிடக்க, கம்பெனியில் நின்று சிரிக்கிற புருஷன் நானாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் இதை அவளிடம் சொல்லியிருந்தால், மூச்சு வாங்க வாங்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவளும் சிரித்திருப்பாள்.

"இருக்கட்டும்டா. அளவு சரியாத்தான் போட்டிருக்க" என்றார்.

ராமுத்தாய் அன்று விடியற்காலையில் போய்விட்டாள். ஒரு வருஷமாகவே நெஞ்சில் வால்வு சரியில்லை. நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்குவாள். எழுந்ததும் அரை டம்ளர் காப்பி குடித்தாள். "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைதான?" என்று கேட்டாள். "ஆமா, ஆனா நீ வண்டியில உக்கார மாட்ட, இன்னைக்கு வேண்டாமே" என்றார். "அதெல்லாம் போயிக்கிடலாம்" என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து பார்த்தபோது, சுவரில் சாய்ந்தபடி போயிருந்தாள். முகத்தில் ஒரு நோவும் இல்லை. பஸ்ஸில் தூங்குகிறவளைப் போல இருந்தாள்.

அவள் கேட்டிருந்தது இரண்டே விஷயம். போன ஆடி மாதம், கரண்ட் போன ஒரு சாயங்காலம், விசிறிக்கொண்டே விளையாட்டுப் போலச் சொன்னாள்.

"இத்தன வருசமா செக்கிங்ல நிக்கேன். எத்தன ஆயிரம் பீசு பாத்திருப்பேன். ஆனா நம்ம வீட்ல இருக்கது பூராம் ஓட்டை, கறை, கோணக் கழுத்து. ரிஜெக்ட்ல வாங்குனதுதான். நான் போறப்ப வெள்ளையில, நம்ம பயலுக தச்சு, நீங்க அயர்ன் போட்டு, ஒரு நல்ல பீசு போட்டு அனுப்புங்க."

"சரி. அப்புறம்?"

"நான் போற அன்னைக்கு மட்டும் நீங்க வெளிய உக்காரக்கூடாது. சபைக்கு உள்ள வரணும்."

அவர் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

முதலாவது கையால் செய்கிற வேலை. கட்டிங் மாஸ்டர் நல்ல பனியன் துணியாகப் பார்த்துக் கணுக்கால் வரைக்கும் வெட்டிக்கொடுத்தார், அருண்பாண்டி தைத்தான். அவசர சரக்கு என்று ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி திறந்திருந்தது நல்லதாகப் போயிற்று. இரண்டாவதுதான் சாயங்காலத்தில் நின்றுகொண்டு அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது.

முக்காட்டுக்கான துண்டு கடைசியில் ஞாபகம் வந்து வெட்டியது. ஓரம் மடித்துத் தைக்கவில்லை. வெட்டின பனியன் துணி சும்மா கிடக்காது, ஓரம் தன்னால் சுருண்டுகொள்ளும். சூடு பட்டால் கொஞ்ச நேரம் படுக்கும், ஆறினதும் எழுந்து மறுபடி சுருளும்.

"ஓரம் அடிச்சுத் தரட்டுமாண்ணே?"

"போதும்டா. முக்காடுதான, இழுத்து விட்டுக்கிடலாம்."

அங்கியை ஹேங்கரில் மாட்டி, மேலே பாலித்தீன் உறை போட்டார். ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு டி.வி.எஸ். வண்டியில் ஏறினார். மங்கலம் ரோட்டில் ஒரு சுருக்கம் விழாமல் ஓட்டிக்கொண்டு போனார்.

*

அவர்கள் குடியிருந்தது கந்தப்பக் கவுண்டரின் காம்பவுண்டில், வரிசை வீடுகளில் கடைசி. வாடகைக்கு இருக்கிறவர்கள் செத்தால் பிணத்தை உள்ளே வைக்க வீட்டுக்காரர்கள் லேசில் விடமாட்டார்கள். காலையில் கந்தப்பனும் தயங்கித் தயங்கி, "ஆஸ்பத்திரியில வெச்சு அப்படியே எடுத்தறலாமுங்களே" என்றார். அவருடைய அம்மா பெரியாத்தாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துவந்து ராமுத்தாயின் வாசலிலேயே போட்டு உட்கார்ந்துவிட்டாள். "அவ இருந்த ஊட்டுலருந்துதான் போவா. நீ போயி சாமியானாவுக்குச் சொல்லு" என்றாள். கந்தப்பன் போய்ச் சொன்னார்.

பெருமாள்சாமி வந்து இறங்கியதும் பொன்னாத்தாள் எழுந்து வந்தாள். ராமுத்தாய்க்குப் பக்கத்து மேசையில் செக்கிங் பார்த்தவள். சபைக்கும் அவள்தான் முதலில் கூட்டிப்போனது.

"கொண்டாந்துட்டீங்களாண்ணா? பாஸ்டர் மூணு மணிக்குச் சபைக்குக் கொண்டுவரச் சொன்னாருங்க. குளிப்பாட்டீரட்டுங்களா?"

"இரும்மா. அவ அண்ணன் வந்துரட்டும். பொறந்த வீட்டாளு வராம தண்ணி ஊத்தக்கூடாது."

அங்கி சுவரில் ஆணியில் தொங்கியது. வந்தவர்களெல்லாம் ராமுத்தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் ஒருதரம் பார்த்தார்கள்.

பெருமாள்சாமி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தார். பெரியாத்தாள் வெற்றிலையை மென்றுகொண்டு தன்பாட்டுக்குப் பேசினாள்.

"ரெண்டு கொடந் தண்ணிக்கு என்ற கூட எத்தன சண்ட போட்டிருப்பா தெரியுமா? போட்டுட்டு, பொழுது எறங்க வந்து நிப்பா. ‘அம்மா, உங்களுக்காக ஜெபம் பண்ணீட்டு வந்தேன்’பா. ‘எதுக்குடி, நான் செத்துப்போகோணும்னா’ன்னு கேட்டா, ‘இல்லம்மா, காலையில திட்டிட்டேனே, அவருகிட்ட சொன்னேன், போயி உங்ககிட்ட சொல்லச் சொன்னாரு’ம்பா. எங்க அங்காளம்மன் இப்படியெல்லாம் என்னையத் தொந்தரவு பண்ணுனதே இல்ல சாமி."

அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் சிரித்துவிட்டார்கள்.

"அந்த ஏசுவ எனக்குத் தெரியாது" என்றாள் பெரியாத்தாள். "ஆனா அவரால தண்ணிக் கொழாய்கிட்ட சண்ட கொறஞ்சுது. அத நான் சொல்லித்தான ஆகோணும்."

*

ஏசுவைப் பெருமாள்சாமிக்குத் தெரியும். ராமுத்தாய்க்குத் தெரிவதற்கு முன்னாலேயே தெரியும்.

சாத்தூர்ப் பக்கம் ஊரில் இருந்தபோது, ஜெபக் கூட்டத்துக்கு முதலில் போனது அவர்தான். அவள் கேலி பண்ணுவாள். அப்போது அவர்களுக்கு மாரிக்கனி என்று ஒரு பெண் குழந்தை. நாலு வயது. காய்ச்சல் வந்து விடாமல் அடித்தது. அவர்தான் ஜெபம் பண்ணுகிறவரை வீட்டுக்குக் கூட்டிவந்தார். வந்தவர் பிள்ளையின் தலையில் கை வைத்து, "பயப்படாதே, எழுந்திருப்பாள்" என்றார். பெருமாள்சாமி அதை அப்படியே நம்பினார். ஒரு துளிகூடச் சந்தேகம் வைக்காமல் நம்பினார். பிள்ளை எழுந்திருக்கவில்லை. அப்புறம் அந்த ஆள், "உங்க விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கிறது" என்று சொன்னார்.

அன்றைக்கு எழுந்து வெளியே வந்தவர்தான். அதன் பிறகு எந்தச் சபைக்குள்ளும் கால் வைக்கவில்லை. வேறு பிள்ளையும் தங்கவில்லை. இருவரும் திருப்பூருக்கு வந்தார்கள்.

செக்கிங்கில் சேர்ந்த புதிதில், ராமுத்தாயின் மேசைக்கு ஒருநாள் குழந்தைகளின் கவுன் வந்தது. அளவுத் துண்டில் நாலு வயது என்று இருந்தது. ஒரு பீஸை எடுத்து விரித்தவள், அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர்கூட வரவில்லையாம். பக்கத்து மேசைப் பொன்னாத்தாள் எதுவும் கேட்கவில்லை. ராமுத்தாயின் துணிக்கட்டைத் தன் பக்கம் இழுத்துப் போட்டு, அதையும் சேர்த்துப் பார்த்து முடித்தாள். சாப்பாட்டு நேரத்தில் தன் எலுமிச்சம் சோற்றில் பாதியை அவள் டப்பா மூடியில் வைத்தாள். சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருந்தாள். அந்த வாரம் ராமுத்தாய்தான் வாய்விட்டுக் கேட்டாள்: "ஞாயித்துக்கெழம நீங்க எங்க போறீக?"

ஒரே பிள்ளையின் சாவு. அவரை அது வெளியே தள்ளியது. அவளை உள்ளே கூட்டிப்போனது. இதைப் பற்றி அவர்கள் ஒரே ஒரு தடவைதான் பேசினார்கள்.

"கூப்புட்டப்ப வராத ஆளு எனக்கு வேண்டாம்" என்றார் அவர்.

"எனக்கும் அன்னைக்கு வரல. லேட்டாத்தான் வந்தாரு. வந்து, ஒண்ணும் சொல்லாம பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு" என்றாள் அவள்.

அதன் பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் அவளை வண்டியில் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. ரோட்டுக்கு அந்தப்பக்கம் சாமியப்பனின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு கிறிஸ்துமஸ் சமயத்தில் அவளுடைய செருப்பு காணாமல் போனது. அதற்கப்புறம் செருப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். தன்னுடையதையும் கழற்றி, இரண்டு ஜோடியையும் பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு, அவள் வரும்வரை காவல் இருப்பார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குள்ளிருந்து வரும் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். சில பாட்டுக்குக் கால் தன்னால் தாளம் போடும். சாமியப்பன் பார்த்தால் நிறுத்திவிடுவார்.

*

மத்தியானம் தாண்டி மச்சான் கன்னையன் வந்து சேர்ந்தார். கையில் மஞ்சள் பை. சாமியானாவுக்கு வெளியே செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளே போனார். தங்கச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு குரல் அழுதார். பிறகு தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து எடுத்து வைத்தார். அரக்குச் சேலை, கண்ணாடி வளையல், மஞ்சள், குங்குமம், வாழையிலையில் சுற்றிய பூ.

அப்போதுதான் ஆணியில் தொங்கிய அங்கி அவர் கண்ணில் பட்டது.

"அது என்ன மாப்ள?"

"அவளுக்குத்தான் மச்சான். அவ கேட்டது."

"புருசன் உசுரோட இருக்கையில வெள்ளையா? நெத்தியில பொட்டு இல்லாம, பொறந்த வீட்டுக் கோடிச் சேல இல்லாம எந்தங்கச்சி போவாளா? ஊர்ல நான் எப்படிய்யா தலகாட்ட?"

பொன்னாத்தாள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

"எல்லாம் அந்தாளு வந்துதான்யா" என்றார் கன்னையன். அந்தாள் ஏசுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. "எம்மகன் காதுகுத்துக்கு வந்தா. கெடா வெட்டி, சாமிக்குப் படச்சு, எல நெறையாச் சோறு போட்டு வச்சேன். படச்ச சோறு திங்க மாட்டேன்னுட்டா. ஒரு பிஸ்கட்டுப் பாக்கெட்டத் தின்னுட்டு மூலையில உக்காந்திருந்தா மாப்ள. எங்கையால சோறு திங்காதவளா அவ? நான் தூக்கி வளத்த பிள்ள! அன்னைக்கே அந்தாளு எனக்கு ஆகாதுன்னு வச்சுட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி அழுதார். அந்த அழுகையில் கோபம் இல்லை. அந்த இலைச் சோறுதான் இருந்தது.

பெருமாள்சாமி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"மச்சான், உமக்கும் அவரு மேல கோவம். எனக்கும் கோவம். அவளுக்கு இல்ல. போறது அவ."

கன்னையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்.

"உம்ம கோடி இல்லாம அவள எடுக்க மாட்டேன். பெட்டியில கீழ விரிப்போம். அதுமேல அவ படுக்கட்டும். மேல இருக்கது அவ கேட்டது, கீழ இருக்கது நீரு குடுத்தது. ரெண்டும் அவளோட போகட்டும்."

"பாஸ்டர் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்களா?" என்று பொன்னாத்தாள் மெல்லக் கேட்டாள்.

"அண்ணன் குடுத்த சீலைய ஆரு என்ன சொல்றது? அப்படியேதும் சொன்னா நான் பேசிக்கறேன்" என்றாள் வாசலில் இருந்த பெரியாத்தாள்.

கன்னையன் எழுந்து போய் அங்கியின் உறையைத் தூக்கினார். துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். "மெத்துனுல்ல இருக்கு" என்றார். பிறகு கழுத்தைத் திருப்பி, "இது என்ன, என்னமோ எழுதியிருக்கு?"

"கம்பெனி பேரு மச்சான். கப்பல்ல போற சரக்கு. மொதத் தரம்."

"மொதத் தரமா" என்றார் கன்னையன். கொஞ்ச நேரம் அந்த லேபிளைத் தடவிக்கொண்டே நின்றார். "சரி, தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

பெண்கள் ஒரு பழைய சேலையை மறைப்புக்குப் பிடித்துக் குளிப்பாட்டினார்கள். கோடித்துணியை மட்டும் பெருமாள்சாமி தொடவில்லை. கடை மடிப்போடு இருப்பதுதான் கோடி. அதில் அயர்ன் போடக்கூடாது. கன்னையனே மடிப்பு மடிப்பாகப் பெட்டியில் விரித்தார். பூவை அதன் நடுவில் வைத்தார். குங்குமப் பொட்டலத்தைப் பிரித்தார். தங்கச்சியின் நெற்றியைப் பார்த்தார். திரும்ப மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

*

பத்து மணி ஆராதனை முடிந்தும் சபையில் யாரும் வீட்டுக்குப் போயிருக்கவில்லை. பெட்டியை வேனிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோனார்கள். கன்னையன் தலைமாட்டுப் பக்கம் பிடித்திருந்தார். வாசலில் ஒரு நொடி தயங்கினார். பிறகு, இதென்ன பெரிய விஷயம் என்பதுபோலக் குனிந்து உள்ளே போய்விட்டார்.

பெருமாள்சாமியின் கால் அவரைக் கேட்காமல் ரோட்டைத் தாண்டி பெஞ்சுக்கு வந்திருந்தது.

சாமியப்பன் டீ ஆற்றிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டார். உள்ளே பாட்டு ஆரம்பித்தது. அவருக்குத் தெரிந்த பாட்டுதான். கொஞ்சம் இழுத்துப் பாடுகிற பாட்டு. ராமுத்தாய் பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பது. உள்ளே எத்தனை பேர் பாடினாலும் அவள் குரல் தனியாக, அரை மூச்சுப் பிந்தி வரும். அதைக் கேட்டுத்தான் அவள் நன்றாக இருக்கிறாள் என்று அவர் தெரிந்துகொள்வார். இன்றைக்கும் காது அதைத் தேடியது.

டீயை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். மாரிக்கனியின் தலையில் வைத்த அந்தக் கை ஞாபகம் வந்தது. கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தார். இருந்தது. போகவில்லை. வீட்டில் எப்போதும் இருக்கிற ஒரு சாமானைப் போல, அதன் இடத்தில் இருந்தது.

"ஏனுங்க பெருமாள்சாமி" என்றார் சாமியப்பன், அடுப்பைப் பார்த்தபடியே. "செருப்ப நாம் பாத்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

பெருமாள்சாமி செருப்பைக் கழற்றினார். பெஞ்சுக்கு அடியில், வழக்கம்போல ஓரமாகத் தள்ளி, பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கு இடம் விட்டு வைத்தார். பிறகு ரோட்டைத் தாண்டினார்.

வாசலில் கால் வைத்ததும் முதலில் பட்டது சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி. இத்தனை வருஷம் வெளியிலிருந்து கேட்ட இடம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது. பாய்கள், மேலே சுற்றும் இரண்டு காற்றாடி, நடுவில் பெட்டி. பாஸ்டர் முன்னொரு காலத்தில் பஸ் கண்டக்டராக இருந்தவர். பெருமாள்சாமியைப் பார்த்ததும் பாட்டை நிறுத்தவில்லை. கையால் மட்டும், தள்ளி உட்காருங்கள், இடம் விடுங்கள் என்று கூட்டத்துக்குக் காட்டினார். கூட்டம் பாடிக்கொண்டே நகர்ந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார இடம் வந்தது.

பெருமாள்சாமி உட்கார்ந்தார்.

அங்கியில் ஒரு சுருக்கம் இல்லை. தோளோரத்தில் கீழே விரித்த அரக்குச் சேலை கொஞ்சம் தெரிந்தது. அந்தப் பக்கம் கன்னையன் கையைக் கட்டிக்கொண்டு, பாட்டுத் தெரியாமல், வாயை மட்டும் லேசாக அசைத்துக்கொண்டிருந்தார்.

முக்காட்டுத் துணி ஆறியிருந்தது. காற்றாடிக் காற்றில் அதன் ஓரம் எழுந்து, நெற்றிக்கு மேல் சின்னதாகச் சுருண்டிருந்தது. அவர் உள்ளங்கையால் நீவி விட்டார். படுத்தது. கையை எடுத்ததும் மெல்ல எழுந்து, மறுபடி சுருண்டது.

இன்னொருமுறை நீவினார். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை. பாட்டு அடுத்த அடிக்குப் போனது.